மாதக் கட்டணமா, வேலைக்குக் கூலியா, லாபத்தில் பங்கா? இராமநாதபுரம் கடற்கரையில் தொழில் ஆலோசனை தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

அண்மைக் காலத்தில் ஒரே கேள்வியைப் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டுவிட்டார்கள். வளைகுடாவில் நெடுநாள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பிய ஒருவர், வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற இராமநாதபுரத்துக்காரர் ஒருவர், எம்.பி.ஏ. முடித்துவிட்டுச் சென்னைக்குப் போக மனமில்லாத உச்சிப்புளி இளைஞர் ஒருவர். சிறு வியாபாரிகளின் தொழில் வளரத் துணைநிற்கும் ஆலோசனை அலுவலகம் ஒன்றைத் தொடங்க மூவருக்கும் ஆசை. மூவரும் தயங்கி நிற்கும் இடமும் ஒன்றுதான்: வேலை தெரியும், அதற்கான பணத்தை எந்த முறையில் வாங்குவது?

கட்டண முறை பிறகு பார்த்துக்கொள்ளக்கூடிய சில்லறை விஷயம் என்று நினைத்துத் தொடங்கியவர்களே பெரும்பாலும் ஓராண்டுக்குள் கடையை மூடுகிறார்கள். யார் உங்களைத் தேடி வருவார்கள், அவர்களிடம் உண்மையைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு துணிவு இருக்கும், சித்திரை மாதத்தில் உங்கள் வீட்டுச் செலவு எப்படி நடக்கும் என்பதையெல்லாம் அந்த முறைதான் தீர்மானிக்கிறது. இங்கே நடைமுறையில் உள்ள வழிகள் நான்கு: வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது, மாதக் கட்டணம், வளர்ச்சியில் பங்கு, அரசுத் திட்டங்கள் அல்லது அமைப்புகள் வழியாக வருமானம் பெறுவது. என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரையில் ஆலோசகரின் வருமானம் வாடிக்கையாளரின் பருவத்தோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். அதற்கு இடம் கொடாத முறை, ஆலோசனை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், முதல் மீன்பிடித் தடைக்காலத்தைத் தாண்டுவதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

பருவம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. படகு நின்றால் ஐஸ் கம்பெனி, மீன் வாடி (மீனை வாங்கிக் கைமாற்றும் கொட்டகை), மீன் ஏற்றும் வண்டி, இறங்குதளத்தை ஒட்டிய டீக்கடை என்று வரிசையாக எல்லாவற்றிலும் பணப்புழக்கம் வற்றும். ஆனால் அதே இரண்டு மாதங்களில்தான் படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்படுகின்றன. தச்சர், பெயிண்ட் கடை, இன்ஜின் பட்டறை, வலைக்கடை ஆகியோருக்கு அதுதான் அறுவடைக் காலம். இராமேஸ்வரத்து விடுதிகளுக்குக் கோடை விடுமுறையும் ஆடி, தை, மகாளய அமாவாசைகளும் பணம் கொண்டுவரும். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவோருக்குப் பதநீர் இறங்கும் மாதங்களும், குண்டு மிளகாய் வியாபாரிகளுக்குத் தை, மாசி தொடங்கி வெயில் ஏறும்வரையான மாதங்களும் முக்கியமானவை. ஒரே மாவட்டத்தில் நான்கு, ஐந்து நாள்காட்டிகள் ஓடுகின்றன. நீங்கள் தேர்ந்தெடுக்கும் முறை அவற்றில் எதனோடு பொருந்துகிறது என்பதே முதல் அளவுகோல்.

கணக்கு. வாடிக்கையாளரிடம் ஏடு இருக்கிறதா, அல்லது சட்டைப் பையில் ஒரு நோட்டு மட்டும்தானா? கல்லாவும் வீட்டுச் செலவும் ஒன்றாக இருக்கும் கடையில் சதவீதம் பேசுவதில் பொருளில்லை.

கண்ணுக்குத் தெரியும் பலன். பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஓர் அக்கா என்னிடம் நேராகவே கேட்டார்: "வாய்ச்சொல்லுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா தம்பி?" அவர் கேட்டதில் தவறில்லை. கையில் வாங்கிப் பார்க்கத்தக்க ஏதாவது ஒன்று, ஒரு விலைப்பட்டியலோ கடன் விண்ணப்பமோ கணக்கு ஏடோ, இருந்தால்தான் பணம் கை மாறும்.

தூரம். இராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு வடக்கே தொண்டி, கிழக்கே இராமேஸ்வரம், தெற்கே கீழக்கரை, தென்மேற்கே சாயல்குடி என்று நான்கு திசையிலும் ஆள் பிடித்தால், ஒரு நாளைக்கு ஒரு திசைதான் ஆகும். இராமேஸ்வரம் போய்வர மட்டுமே நூறு கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் செலவை எல்லோரும் கணக்கில் எழுதுகிறார்கள். போய்வரும் மூன்று மணி நேரத்தை யாரும் எழுதுவதில்லை.

நம்பகம். தங்கச்சிமடத்திலோ தேவிபட்டினத்திலோ ஒரே தெருவில் ஒரே தொழில் செய்யும் இருவருக்கு நீங்கள் ஆலோசனை சொல்ல நேரிடும். ஒருவருடைய கொள்முதல் விலை மற்றவர் காதுக்குப் போனதாகச் சந்தேகம் எழுந்தால் போதும், அந்த ஊரில் உங்கள் தொழில் முடிந்தது. எந்தக் கட்டண முறை உங்களை இந்தச் சிக்கலில் அதிகம் தள்ளுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

## முதல் வழி: வேலைக்கு இவ்வளவு

ஒரு குறிப்பிட்ட வேலையை எடுத்து, அதற்கு ஒரு தொகை பேசி, முடித்துக் கொடுத்துப் பணம் வாங்கும் முறை இது. அடக்கவிலைக் கணக்கு, வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கை, உணவுப் பாதுகாப்புப் பதிவு, சரக்கு இருப்பு ஏடு அமைத்துக் கொடுப்பது ஆகியவை இதில் அடங்கும். நம் ஊர் மனத்துக்கு இது உடனே புரியும். தச்சருக்கும் தையல்காரருக்கும் அப்படித்தான் கொடுக்கிறோம்.

இந்தப் பட்டியலில் மிக அதிகப் பயன் தருவதும் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் அடக்கவிலைக் கணக்குதான். ஓர் எடுத்துக்காட்டு. கருவாட்டு வியாபாரி ஒருவர் பச்சை நெத்திலி 100 கிலோவைக் கிலோ 120 ரூபாய்க்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், 12,000 ரூபாய். உப்பு, கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து 1,500. காய்ந்த பிறகு 30 கிலோ தேறினால் அடக்கவிலை கிலோவுக்கு 450 ரூபாய். அவர் 480-க்கு விற்றுக் கிலோவுக்கு 30 ரூபாய் லாபம் என்று நிம்மதியாக இருக்கிறார். மழை ஈரத்தில் கெட்டதும் உடைந்து தூளானதும் 3 கிலோ போனால் விற்கக் கிடைப்பது 27 கிலோ. அப்போது அடக்கவிலை 500. கிலோவுக்கு 20 ரூபாய் கைநட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது வியாபாரம். இதை ஒரே தாளில் எழுதிக் காட்டும்போது அவர் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு, ஆலோசனை என்பது வாய்ச்சொல் என்ற எண்ணம் போய்விடும்.

இனி உங்கள் பக்கத்துக் கணக்கு. வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டும், பயணம், தொலைபேசி, கணினி வகையில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆகும் என்றால், ஆண்டுத் தேவை 4,60,000. வேலை நாள்கள் முந்நூறு இருந்தாலும் முதல் ஆண்டில் பணம் வரும் நாள்கள் 120 கிடைத்தாலே நல்ல காலம். மீதி நாள்கள் ஆள் தேடுவதிலும் அலைவதிலும் கழியும். ஆக, ஒரு வேலை நாளுக்கு ஏறத்தாழ 3,850 ரூபாய் வர வேண்டும். கருவாட்டுக் கணக்குக்கு மூன்று நாள் ஆனால் 11,550 ரூபாய் கேட்க வேண்டும். அந்த அக்கா கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது.

இதற்கான தீர்வு, ஒரே தொழிலை எடுத்து அதில் பத்துப் பேரைப் பிடிப்பது. முதல் கருவாட்டுக் கணக்குக்கு மூன்று நாள் ஆகும். படிவம் அமைந்துவிட்ட பிறகு அடுத்தவர்களுக்கு அரை நாள் போதும். பத்துப் பேருக்கும் சேர்த்து ஏழரை நாள், அதாவது ஒருவருக்கு ஏறத்தாழ 2,900 ரூபாய். இந்தத் தொகையைக் கேட்கலாம். படிவம் பொது, எண்கள் அவரவருடையவை என்பதை முதல் நாளே சொல்லி, பிறர் கணக்கைக் காட்டி விளக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு வேறு வகையில் வரும். வேலை முடிந்த பிறகும் "ஒரு நிமிஷம் பாருங்கண்ணே" என்று வரும் அழைப்புகள், உறவுமுறை சொல்லிக் கேட்கப்படும் இலவச வேலைகள், கடன் விண்ணப்பத்தோடு சேர்த்து வீட்டு வரி ரசீதையும் பார்த்துத் தரச் சொல்வது. விலை பேசும்போதே, முடித்த பின் இரண்டு முறை வந்து பார்ப்பது உள்ளடக்கம், அதற்கு மேல் தனிக் கணக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பாதி மனக்கசப்பு குறையும். மற்றொரு குறை, வேலைக்கூலி உங்கள் உழைப்பு நாளைத் தாண்டி வளராது. நீங்கள் காய்ச்சலில் படுத்தால் வருமானமும் படுத்துவிடும்.

## இரண்டாம் வழி: மாதக் கட்டணம்

நகரங்களில் ஆலோசகர்கள் அதிகம் விரும்பும் முறை இதுதான். மாதம் ஒரு தொகை. அதற்கு ஈடாக இரண்டு முறை கடைக்கு வந்து கணக்கு, இருப்பு, கடன் நிலுவை, விலை ஆகியவற்றைப் பார்த்துக் கொடுப்பது. கணக்கு எழுதித் தரும் அலுவலகங்கள் ஏற்கெனவே இப்படி வாங்குவதால், ஜி.எஸ்.டி. பதிவுள்ள கடைக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல.

வளர்ச்சி என்பது ஒரே அமர்வில் நடப்பதில்லை. கடன் வசூலை ஒழுங்குபடுத்தவும், விற்காத சரக்கைக் குறைக்கவும், இரண்டாவது கிளை திறக்கலாமா என்று பார்க்கவும் குறைந்தது ஓராண்டு அருகில் இருக்க வேண்டும். அந்த வகையில் மாதக் கட்டணமே நேர்மையான உறவு. ஆனால் மீனைச் சார்ந்த வாடிக்கையாளர் மே மாதத்தில் 3,000 ரூபாய் எடுத்து வைப்பது எளிதன்று. பன்னிரண்டு பேரில் ஐவர் அப்படிப்பட்டவர்கள் என்றால், தடைக்காலத்தில் மட்டும் 30,000 ரூபாய் நிலுவையாகும். கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. நிலுவை ஏறிய வாடிக்கையாளர் உங்கள் தொலைபேசியை எடுக்கத் தயங்குவார். அதன் பிறகு கடல் திறந்தாலும் உறவு திரும்புவதில்லை. வேலைநிறுத்தம், புயல் எச்சரிக்கை, படகுகள் சிறைபிடிக்கப்படுவது என்று தடைக்காலத்துக்கு வெளியேயும் இதே நிலை வருவதுண்டு.

மாதக் கட்டணத்தை இங்கே வாழவைக்க ஒரு வழி, அதைப் பருவக் கட்டணமாக மாற்றுவது. மாதம் 3,000 வீதம் பன்னிரண்டு மாதம் என்றாலும் 36,000 ரூபாய்தான், 3,600 வீதம் பத்து மாதம் என்றாலும் 36,000 ரூபாய்தான். இரண்டாவதைத் தேர்ந்து, பணமில்லாத இரண்டு மாதங்களில் வேலையை மட்டும் செய்துகொடுங்கள். விடுதிக்காரருக்குக் கூட்டமில்லாத மாதங்களையும், வலைக்கடைக்காரருக்கு வேறு மாதங்களையும் விடலாம். இப்படிப் பார்த்துப் பார்த்து வாடிக்கையாளர்களைச் சேர்த்தால், ஏப்ரல், மே மாதங்களில் விடுதியும் படகுப் பட்டறையும் கருப்பட்டியும் கொடுக்கும், ஜூலைக்குப் பிறகு வாடியும் ஐஸ் கம்பெனியும் கொடுக்கும். கூட்டு வட்டியைவிட இந்த ஏற்பாட்டில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

மறைந்த செலவு இங்கே பயணம்தான். மாதம் இரு வருகை, பன்னிரண்டு பேர் என்றால் 24 பயணங்கள். வாடிக்கையாளர்கள் பாம்பனிலிருந்து இராமேஸ்வரம் வரை ஒரே கோட்டில் இருந்தால் ஆறு, ஏழு நாளில் முடித்துவிடலாம். தொண்டியிலும் வாலிநோக்கத்திலுமாகச் சிதறிக் கிடந்தால் மாதமே போய்விடும். மாதக் கட்டணம் எடுக்க விரும்புவோர் தொழிலைவிட ஊரை வைத்து ஆள் சேர்ப்பது நல்லது.

## மூன்றாம் வழி: வளர்ச்சியில் பங்கு

"முன்பணம் எதுவும் வேண்டாம், உங்கள் லாபம் கூடினால் அதில் ஒரு பகுதி கொடுங்கள்" என்று சொல்வது கேட்க இனிமையானது; புதிதாகத் தொடங்குவோரை அதிகம் ஈர்ப்பதும் இதுதான். இந்தக் கடற்கரைக்கு இது அந்நியமும் அல்ல. ஒருவர் முதல் போட, மற்றொருவர் உழைப்பைப் போட்டு, லாபத்தைப் பேசியபடி பிரித்துக்கொள்ளும் முளாரபா முறை முஸ்லிம் வணிகர்களுக்கு வழிவழியாகத் தெரிந்தது. வட்டியைத் தவிர்க்கும் வியாபாரிகளிடம் வங்கிக் கடனையும் மானியத்தையும் மட்டுமே பேசும் ஆலோசகருக்கு வேலை இல்லை. பங்கைப் பற்றிப் பேசத் தெரிந்தவருக்கு அவர்கள் காது கொடுப்பார்கள்.

ஆயினும் தொடக்கக்காரருக்கு இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு 24 லட்ச ரூபாய் விற்பனையும் அதில் 20 சதவீத மொத்த லாபமும் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள், லாபம் 4,80,000. உங்கள் யோசனையால் விற்பனை 30 லட்சமாக உயர்ந்தது, ஆனால் விலையைச் சற்றுக் குறைத்ததால் லாப விகிதம் 18 சதவீதமாயிற்று; லாபம் 5,40,000. கூடியது 60,000. அதில் 15 சதவீதப் பங்கு என்றால் ஓராண்டு அலைச்சலுக்கு உங்களுக்குக் கிடைப்பது 9,000 ரூபாய். விற்பனையைக் கால் மடங்கு உயர்த்தியும் இவ்வளவுதான். அந்த நேரத்தை வேலைக்கூலியாகக் கேட்டிருந்தால் பல மடங்கு வந்திருக்கும்.

அதற்கும் மேலே, எது வளர்ச்சி என்ற தகராறு. மிளகாய் விலை ஏறியதால் வந்த லாபம் உங்களால் வந்ததா? மழை பொய்த்த ஆண்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு வளர்ச்சி என்று காட்டலாமா? மகள் திருமணத்துக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது கடையின் செலவா, உரிமையாளர் தன் கணக்கில் எடுத்த பற்றா? இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் விடை இல்லாவிட்டால், பங்கு கேட்கும் நாளில் நட்பு கெடும். குறைந்தது மூன்று ஆண்டுச் சராசரியை அடிப்படையாக வைப்பது, நிகர லாபத்தை விட்டுவிட்டுக் கொள்முதலுக்கும் விற்பனைக்கும் இடையிலான மொத்த லாபத்தைப் பிடிப்பது, எத்தனை ஆண்டுக்குப் பிறகு பங்கு நிற்கும் என்று எழுதுவது ஆகிய மூன்றும் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்டத்தின் பக்கமும் ஒரு கண்ணி உண்டு. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, உழைப்புக்கு ஈடாக லாபத்தில் பங்கு பெறுவதாலேயே ஒருவர் பங்காளி ஆகிவிடுவதில்லை. ஆனால் கடைக்குச் சரக்கும் கடனும் கொடுப்பவரிடம் பங்காளி போல நடந்துகொண்டு, அவர் அதை நம்பிக் கொடுத்திருந்தால், பொறுப்பு உங்கள் தலையிலும் விழும். "நம்ம கடைதான், நான் பார்த்துக்குறேன்" என்று மதுரை மொத்த வியாபாரியிடம் ஆர்வத்தில் சொல்லும் ஒரு வரிக்கு இவ்வளவு விலை இருக்கிறது. மேலும் ஒரு கடையில் பங்கு வாங்கிய பிறகு அதே தொழிலில் இரண்டாவது வாடிக்கையாளரை எடுப்பது அறமாகாது; ஆக, முதல் வழியில் நாம் பார்த்த பத்துப் பேர் கணக்கு இங்கே செல்லாது.

இத்தனைக்கும் பிறகு இது பொருந்தும் இடம் எது என்றால், ஒழுங்கான கணக்கு உள்ள, விற்பனை கோடியைத் தொடும் கடை. அதுவும் புதிய பொருள், புதிய ஊர், ஏற்றுமதி என்று தனியாகப் பிரித்துக் கணக்கு வைக்கத்தக்க ஒரு முயற்சி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாயைப் பொட்டலமிட்டு வெளியூரில் விற்க ஒரு மொத்த வியாபாரி தொடங்கும் பிரிவு, கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பை வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்களுக்கு அனுப்பும் ஏற்பாடு போன்றவற்றில் பங்கு பேசலாம். பழைய கடையின் கணக்கோடு கலக்காத வரை சண்டைக்கு இடமில்லை.

## நான்காம் வழி: திட்டங்களும் அமைப்புகளும் வழியாக

இங்கே வியாபாரி உங்களுக்குப் பணம் தருவதில்லை. திட்டமோ உற்பத்தியாளர் நிறுவனமோ மகளிர் குழுக் கூட்டமைப்போ தருகிறது. பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 2020-இல் வந்த இதில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று வகுக்கப்பட்டது. விண்ணப்பதாரருக்குக் கைகொடுக்க மாவட்ட வள நபர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஒரு நிறுவனத்துக்கு 20,000 ரூபாய், அதில் பாதி வங்கிக் கடன் ஒப்புதலானதும், மறுபாதி பதிவுகளும் பயிற்சியும் முடிந்து திட்டம் நடைமுறைக்கு வந்ததும் என்று விதி வகுக்கப்பட்டது. கருவாடு, கருப்பட்டி, மிளகாய்த் தூள் என்று நம் கரையின் பொருள்கள் பலவும் இதற்குள் வரக்கூடியவை.

ஓராண்டில் பன்னிரண்டு கடன்களுக்கு ஒப்புதல் வாங்கி, அவற்றில் ஐந்துக்கு மட்டும் மறுபாதி அதே ஆண்டில் வந்தால், கையில் சேர்வது 1,70,000 ரூபாய். முழுநேரத் தொழிலுக்குப் போதாது. முதல் ஆண்டில் ஊர் ஊராக அறிமுகம் பெற இதைவிட நல்ல வழியும் இல்லை. மறைந்த செலவு மூன்று வகை. பணம் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டே தரும். கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற முடியும். திட்டங்களுக்கு ஆயுளும் குறைவு: மேற்சொன்ன திட்டமே 2020-இல் ஐந்தாண்டுக்கு என்றுதான் அறிவிக்கப்பட்டது. திட்டத்தை நம்பி அலுவலக வாடகை பேசுவது ஆபத்து.

இதோடு ஒட்டிய ஒரு பழக்கத்தைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும். மானியத்தில் பத்து சதவீதம் என்று தரகு பேசுகிறவர்கள் உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாகப் பூட்டி வைக்கப்பட்டு, பிறகே கடனில் கழிக்கப்படுகிறது. விண்ணப்பமும் இலவசம், இடைத்தரகர் யாரும் நியமிக்கப்படவில்லை என்று திட்டத்தை நடத்துவோரே அறிவித்திருக்கிறார்கள். கைக்கே வராத பணத்தில் பத்து சதவீதத்தை, தொழில் தொடங்கும் முன்பே, பெரும்பாலும் கைமாற்று வாங்கி விண்ணப்பதாரர் கொடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்கோ கடன் தொகை பெரிதாகப் பெரிதாகத் தரகும் கூடும் என்பதால், மூன்று லட்சம் போதுமான இடத்தில் பத்து லட்சம் என்று எழுதக் கை துறுதுறுக்கும். திட்ட அறிக்கை தயாரிக்க ஒரு கூலி வாங்குங்கள். கடன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதே கூலி.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | வேலைக்கூலி | மாதக் கட்டணம் | வளர்ச்சியில் பங்கு | திட்டம், அமைப்பு |
|---|---|---|---|---|
| முதல் பணம் எப்போது | வேலை முடிந்ததும் | முதல் மாதத்திலேயே | ஓராண்டு கழித்து | ஒப்புதலுக்குப் பின், தாமதமாக |
| தடைக்காலத்தில் | வேலை உண்டு, வசூல் மெதுவாக | நிலுவை ஏறும். பருவக் கட்டணமானால் தாங்கும் | பாதிப்பு ஆண்டுக் கணக்கில் தெரியும் | பெரிய மாற்றமில்லை |
| வாடிக்கையாளரிடம் ஏடு தேவையா | தேவையில்லை. நீங்களே அமைக்கலாம் | ஓரளவு | கட்டாயம் | விண்ணப்பத்துக்கு வேண்டிய அளவு |
| மறைந்த செலவு | முடிந்த பின் இலவச வேலை | பயணம் | தகராறு, ஒரே தொழிலில் ஒருவர்தான் | காத்திருப்பு, வரிப் பிடித்தம் |
| ஒரே தொழிலில் பலர் | முடியும், லாபமும் அதில்தான் | கவனத்தோடு முடியும் | கூடாது | முடியும் |

## எந்த வழியானாலும் வரும் செலவுகள்

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. மதிப்பாக இருக்கும் என்று முன்கூட்டியே பதிவு செய்தால், கட்டணத்தோடு 18 சதவீதம் கூடும். பதிவில்லாத சிறு கடைக்காரர் அதைக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், அது அவருக்கு வெறும் விலையேற்றம். அந்த 20 லட்ச வரம்பைத் தாண்டிய பிறகு, 50 லட்சம் வரை 18-க்குப் பதிலாக 6 சதவீதம் கட்டும் இணக்க முறையை (composition) ஆடிட்டரோடு பேசிப் பாருங்கள். அந்த 6 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆலோசனையும் சேவைத் தொழில்தான் என்பதால் நீங்களும் பதியலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு அதனால் கிடைக்கும். பக்கத்துத் தெருக் கடைக்காரர் மேல் அதை யாரும் பயன்படுத்தப் போவதில்லை. நான்காம் வழியில் பணம் இழுத்தடிக்கும் தனியார் நிறுவனங்களிடம் உதவும். தனி உரிமையாளராகத் தொடங்குவது போதும். இருவர் சேர்ந்தால் மட்டும் பங்கு ஒப்பந்தம் எழுதி, யார் எந்த ஊரைப் பார்ப்பது என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

## யாருக்கு எது

வங்கி ஓய்வு பெற்றவருக்கு ஓய்வூதியம் இருக்கிறது. பணம் தாமதமாக வந்தாலும் தாங்கும். திட்ட அறிக்கை, கடன் மறுசீரமைப்பு, திட்டங்கள் வழியான வேலை ஆகியவை அவருக்கு ஏற்றவை. பழைய வங்கிப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் கடனையே மருந்தாகச் சொல்லும் ஆபத்து மட்டும் அவரிடம் உண்டு. பல சிறு தொழில்களுக்குத் தேவை புதுக் கடன் அன்று. சம்மாட்டி எனப்படும் படகு உரிமையாளருக்கும் வியாபாரிக்கும் இடையே முன்பணமாகப் பூட்டிக் கிடக்கும் பழைய தொகையை விடுவிப்பதுதான்.

கீழக்கரைக்குத் திரும்பியவர் கணக்குத் தெரிந்தவர், ஊரில் நம்பிக்கை உள்ளவர். அவர் நான்கைந்து நடுத்தரக் கடைகளைப் பருவக் கட்டணத்தில் எடுத்து, மூன்று ஆண்டுக் கணக்கு ஒழுங்கான பிறகு, ஒரே ஒரு கடையில் ஒரே ஒரு புதிய முயற்சிக்கு மட்டும் பங்கு பேசலாம். அதற்கு முன் பேசினால், மேலே காட்டிய 9,000 ரூபாய்க் கதைதான்.

உச்சிப்புளி இளைஞருக்குக் கையிருப்பும் இல்லை, பெயரும் இல்லை. அவருக்கு வேலைக்கூலியைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று ஒரே சாலையில், கருவாடு என்ற ஒரே தொழிலில் பத்துப் பேர். தொடங்க ஏப்ரல் கடைசி வாரம் ஏற்றது. நாட்டுப்படகு மீனைக் காய வைப்போர் தவிர மற்றவர்களுக்கு அப்போது உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்; பணம் இருக்காது. ஆகவே மே மாதம் முழுவதும் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கடல் திறந்து முதல் இரண்டு ஏலம் முடிந்த பிறகு, ஜூலை முதல் வாரத்தில் கூலியை வாங்கிக்கொள்வதாக முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதச் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் ஆகும் தொகையைத்தான், அலுவலகத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் முன்பாக, அவர் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.